பழைய ஹாட் டப்பில் குளோரின் ஏன் ஒரு ராத்திரிகூடத் தாங்குவதில்லை?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் நிலைமை இது. மிச்சிகனில் டிராய் பக்கம் வீடு. யாரோ வீடு மாறும்போது எட்டு வருடம் ஓடிய ஹாட் டப்பை, அதாவது வெந்நீரில் உட்காரும் குளியல் தொட்டியை, 900 டாலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொல்லையில் இறக்கி, மின்சார இணைப்புக் கொடுத்து, 320 காலன் தண்ணீர் நிரப்பி, கடைக்காரர் கட்டிக்கொடுத்த ஆறு பாட்டிலையும் அவர் சொன்ன வரிசையில் ஊற்றினீர்கள். இரவு பத்து மணிக்குக் குளோரின் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு). காலையில் பூஜ்யம். பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) 8.2-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டைப் போட்டால் துணி ஊறவைத்த வாளி மாதிரி நுரை. ஆனால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. இரண்டு நாளாகப் பையனுக்கு இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகப் பொரிந்து அரிக்கிறது. கடைசியில், "எந்த கெமிக்கலைச் சேர்க்க வேண்டும்?" என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் சேர்க்க வேண்டாம். ஆறு பாட்டிலே அதிகம். ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் குளோரினை எதுவோ தின்கிறது. அது தண்ணீரில் இல்லை, குழாய்க்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் தண்ணீரைச் சமன் செய்வது, ஓட்டைப் பானையில் உப்புச் சரிபார்க்கிற வேலை.

முதலில், இன்றிலிருந்து யாரும் அதில் இறங்க வேண்டாம். பையனுக்கு வந்திருப்பது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் ஹாட் டப் சொறி போலத்தான் தெரிகிறது. நீச்சல் உடை உடம்போடு ஒட்டியிருந்த இடத்தில் அதிகம் வருவது அதன் அடையாளம். பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கும். அடங்காவிட்டால், அல்லது வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சுவாங்கல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஹாட் டப் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

ஊரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கியிருக்கிறீர்களா? தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். உள்சுவரில் கையை வைத்தால் வழுக்கும். அந்த வழுவழுப்புதான் பயோஃபிலிம், கிருமிகள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்ளும் பசைப்படலம். தொட்டிக்காவது உள்ளே இறங்கித் தேய்க்க வழியுண்டு. ஹாட் டப்பின் வெளி ஓட்டைக் கழற்றிப் பாருங்கள்: வளைந்தும் நெளிந்தும் ஸ்பாகெட்டி மாதிரி ஓடும் குழாய்கள், முப்பது நாற்பது ஜெட்டுக்கும் கிளை பிரிந்திருக்கும். அந்த உட்சுவரில் எட்டு வருடத்து வியர்வை, தோல், கிரீம், சோப்பு எல்லாம் படிந்திருக்கும். விற்றவர் வடித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். ஆனால் வடித்தாலும் குழாய்களின் தாழ்வான வளைவிலும் பம்பின் வயிற்றிலும் தண்ணீர் தங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கராஜில் கிடந்திருந்தால் அந்தத் தண்ணீரின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். குளோரின் அந்தப் படலத்தின் மேல்தோலைத் தின்றே தீர்ந்துபோகிறது. அடியில் இருப்பது மறுநாள் மறுபடி வளர்கிறது.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் இருக்கும் மாவட்டத்துக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1968 கோடையில் ஓக்லண்ட் கவுண்டியின் சுகாதாரத் துறைக் கட்டடத்தில், அதாவது உங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் பான்டியாக்கில், 144 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். யாரும் இறக்கவில்லை. காரணம் உடனே பிடிபடவுமில்லை. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவில் இறந்து, அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் பழைய மாதிரிகளைச் சோதித்துப் பான்டியாக்கிலும் இதே லீஜியனெல்லாதான் என்று தெரிந்தது. ஏர்கண்டிஷனர் வழியாக அது காற்றில் பரவியிருந்தது. லேசான வகைக்கு இன்றைக்கும் பெயர் பான்டியாக் காய்ச்சல்தான். அந்தக் கிருமிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும், அதைப் பொடித்துளியாக்கிக் காற்றில் தூவ ஒரு கருவியும் கிடைத்தால் போதும். ஹாட் டப் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது. 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் வெறும் காட்சிக்கு ஓடவிட்டிருந்த வேர்ல்பூல் என்ற இதே மாதிரித் தொட்டியிலிருந்து பரவி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் பக்கமாக நடந்துபோனவர்கள், தண்ணீரில் இறங்கவே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

இப்போது உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், கழுவுவதற்கு அதுவே போதும். ஃபில்டரைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். முன்னவரின் ஃபில்டரை வைத்துக்கொள்வது முன்னவரின் பல்துலக்கியை வைத்துக்கொள்வது மாதிரி. தலையணைகளைக் கழற்றுங்கள், மூடியைத் திறந்துவையுங்கள். தண்ணீர் சூடாகவே இருக்கட்டும். குளோரினைத் தாராளமாக ஏற்றிவிட்டு, ஹாட் டப்புக்கென்றே விற்கும், குழாயின் பசைப்படலத்தை உரிக்கும் பர்ஜ் மருந்தை, ஜெல்லோ திரவமோ, டப்பாவில் சொன்ன அளவு போடுங்கள். ஜெட்டை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். காற்று வால்வுகளை ஒருமுறை திறந்து, ஒருமுறை மூடி ஓட்டுங்கள். தண்ணீரை எந்த ஜெட்டுக்கு அனுப்புவது என்று மாற்றும் டைவர்ட்டர் கைப்பிடியை எல்லாப் பக்கமும் திருப்புங்கள். திருப்பாத பக்கத்துக் குழாய் கழுவப்படாது.

பத்து நிமிஷத்தில் நுரை பழுப்பாகும். ஆறின பாலில் ஏடு மிதக்குமே, அதைச் சாம்பல் நிறத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்: துண்டு துண்டாக, கரியும் பச்சையும் கலந்து, விளிம்பில் ஒட்டும். நான் 2016-இல் முதல் டப்பை வாங்கியபோது வந்ததை ஒரு கரண்டியால் வழித்துக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரத் துணியை ஒரு வாரம் பையில் மூடிவைத்த வாடை. அதற்கு முன்தினம் வரை அந்தத் தண்ணீரில்தான் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதை மனைவியிடம் காட்டியது தவறு என்று பிறகு புரிந்தது. மூன்று மாதம் யாரும் பக்கத்தில் வரவில்லை.

விளிம்பில் ஒட்டுவதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் திரும்ப உள்ளே போய்விடும். முதல் சுற்றில் நிறைய வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு சுற்று. இனி எதுவும் வராமல் நிற்கும்வரை. என்னுடையதற்கு மூன்று சுற்று ஆனது. அப்புறம் வடித்து, தண்ணீரையும் உறிஞ்சும் வாக்வம் கிளீனரான வெட் வாக்கை ஜெட் வாயில் வைத்துக் குழாயில் தங்கியதை உறிஞ்சி எடுங்கள், தொட்டியின் உட்சுவரைத் துடையுங்கள். புதுத் தண்ணீரை நிரப்பும்போது ஹோஸை ஃபில்டர் இருந்த குழிக்குள் விடுங்கள். தொட்டியின் நடுவில் விட்டால் பம்பில் காற்று அடைத்துக்கொண்டு ஹீட்டர் எரர் காட்டும், ஒரு மாலை வீணாகும்.

இந்தப் புதுத் தண்ணீரில் ஒரு கிருமிநீக்கம். பிஎச்சை 7.2 முதல் 7.5-க்குள் கொண்டுவந்து, குளோரினை 20 பிபிஎம்முக்கு ஏற்றி, குறையும்போதெல்லாம் சேர்த்து 10 மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். ஹாட் டப்பில் லீஜியனெல்லா கண்டால் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லும் அளவு அதுதான். இதற்குக் கடையில் விற்கும் சாதாரண துணி பிளீச் போதும். மணம் சேர்த்ததும், தெறிக்காமல் இருக்கக் கெட்டியாக்கியதும் வேண்டாம், அவை நுரைக்கும். 7.5 சதவீத பிளீச்சில் உங்கள் 320 காலனுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஏறக்குறைய 1 பிபிஎம் ஏற்றும். ஹாட் டப் கணக்கு முழுவதையும் இந்த ஒரு கரண்டியை வைத்தே போட்டுவிடலாம், கால்குலேட்டர் வேண்டாம். 20 பிபிஎம் என்றால் 300 மில்லி.

இரண்டு எச்சரிக்கை. பிளீச்சும் ஆசிடும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும். அதேபோல் குளோரின் பொடிகளில் கால்சியம் ஹைப்போகுளோரைட் அளந்த கரண்டியால் டைகுளோர், டிரைகுளோர் என்ற மற்ற வகைகளை அள்ளாதீர்கள், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி.

அளக்காமல் இதெல்லாம் வீண். நிறம் மாறும் சோதனைத் தாளான ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிடச் சொட்டுமருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். டெய்லர் கே-2006 என்று கேட்டால் கிடைக்கும். 10 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டதும் ரோஜா நிறமாகும். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் போகும்வரை எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். பத்துச் சொட்டில் நிறம் போனால் 5. கலரை ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. நிறத்தை ஒப்பிடும் சோதனைகளில் ஒரு வில்லங்கம் உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த ரோஜா நிறமே வெளுத்துப்போய், இல்லை என்று காட்டும். அதை நம்பி இன்னும் ஊற்றுவார்கள். பிஎச் சோதனையும் குளோரின் 10-க்கு மேல் இருக்கும்போது பொய் சொல்லும், சிவப்புக்குப் பதில் ஊதாவாகும். நீங்கள் பார்த்த 8.2-இல் கொஞ்சம் அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் முழுதும் அப்படி இல்லை. உங்கள் பிஎச் ஏறுவதற்கு நிஜமான காரணம் அந்த ஆறு பாட்டிலில் ஒன்றுதான்: "ஆல்கலினிட்டி அப்". அது என்ன தெரியுமா? சமையல் சோடா. இட்லி மாவில் ஒரு சிட்டிகை போடுவோமே, அதேதான், விலை மட்டும் பல மடங்கு. கடைக்காரர் ஆல்கலினிட்டியை 120 பிபிஎம்முக்கு ஏற்றச் சொல்லியிருப்பார். நீச்சல் குளத்துக்கு எழுதிய பழைய வாய்ப்பாடு அது. குளத்தில் தண்ணீர் சும்மா கிடக்கும். ஹாட் டப்பில் ஜெட் அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கும்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டை உள்ளே தள்ளியதும் உஸ்ஸென்று கேஸ் போகிறது, குலுக்கினால் இன்னும் வேகமாகப் போகும். அந்த கேஸ் கார்பன் டைஆக்சைடு, தண்ணீரில் கரைந்திருக்கும்போது புளிப்பு. அது போகப் போகப் புளிப்பு குறையும், அதாவது பிஎச் ஏறும். ஆல்கலினிட்டி என்பது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு, அந்த கேஸின் கிடங்கு. கிடங்கு பெரிதானால் வெளியேறவும் நிறைய இருக்கிறது, பிஎச் ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் ஆசிட் போட்டு இறக்குகிறீர்கள், மறுநாள் பார்த்தால் அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆசிட் போட்டதால் ஆல்கலினிட்டி குறைகிறது, பயந்துபோய் மறுபடி சோடா போடுகிறீர்கள். கடைக்காரருக்கு இரண்டு பாட்டிலும் விற்கிறது.

ஆகவே ஆல்கலினிட்டியை 50-60-க்கு இறக்கிவிட்டு நிறுத்துங்கள். டெட்ராய்ட் சுற்றுவட்டார நகராட்சித் தண்ணீரில் அது சுமார் 80, எனவே நிறைய வேலையில்லை. உலர் ஆசிட், அதாவது சோடியம் பைசல்ஃபேட், உங்கள் தொட்டிக்கு 30 கிராம் போட்டால் சுமார் 10 குறையும். ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு தடவைக்கு 30 கிராம் கரைத்து ஊற்றி, ஜெட்டில் காற்றைத் திறந்துவிட்டு அரை மணி ஓட்டி, பிஎச் 7.5-க்குத் திரும்பி ஏறியதும் அடுத்த தடவை. 50-க்கு வந்தபின் பிஎச் 7.6, 7.7-இல் சோம்பலாக நிற்கும். நிற்கட்டும். 7.2-தான் வேண்டும் என்று துரத்தாதீர்கள், 7.8-ஐத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். இன்னும் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் போரிக் அமிலம் 340 கிராம் போட்டு 50 பிபிஎம் போரேட் வைத்துக்கொள்ளலாம். நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வீடாக இருந்தால் வேண்டாம்.

கால்சியம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். உங்கள் தண்ணீரின் கடினம் சுமார் 100. அக்ரிலிக் தொட்டிக்கு அது பரவாயில்லை. 150-க்கு ஏற்றினால் நுரை குறையும், அதற்குக் கால்சியம் குளோரைடு 90 கிராம். கடினத்தை நீக்கும் வீட்டு சாஃப்ட்னர் கருவி வழியாக வரும் தண்ணீரால் மட்டும் நிரப்பாதீர்கள், தண்ணீர் மிருதுவானால் நுரைக்கும். வடக்கே கிணற்றுத் தண்ணீர் வீடுகளில் இரும்பு இருக்கும். குளோரின் போட்ட அடுத்த நிமிஷம் தண்ணீர் டீ நிறமாகும். அவர்கள் ஹோஸ் முனையில் ஒரு ஃபில்டர் மாட்டிக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான பகுதி, எந்தக் குளோரின்?

குளத்துக்கு விற்கும் டிரைகுளோர் வில்லைகளை ஹாட் டப்பில் மிதக்கவிடவே வேண்டாம். கடும் புளிப்பு, மெதுவாகக் கரையும், ஒரு மூலையில் ஒதுங்கினால் தொட்டியின் சுவரையே அரிக்கும். ஹாட் டப்புக்கென்று விற்கும் பொடி டைகுளோர். கரைவது எளிது, நல்ல பொருள்தான். ஆனால் அதற்குள் சயனூரிக் அமிலம் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 9 பிபிஎம் சயனூரிக் அமிலம். குளோரின் செலவாகிவிடும், அது செலவாகாது. தினம் 5 பிபிஎம் போட்டால் மாதக் கடைசியில் 135. அந்த அமிலம் குளோரினைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். டெஸ்டில் 4 என்று காட்டும், கிருமியைக் கொல்லும் வேகத்தில் அதற்கு நிகராக இருக்காது. முதல் மாதம் நன்றாக இருந்து இரண்டாம் மாதம் யாருக்காவது அரிப்பு வரும் வீடுகளில் பாதிக்குமேல் இந்தக் கதைதான் என்பது என் அனுபவம்.

அந்த அமிலம் அடியோடு இல்லாமலும் கஷ்டம். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வெறும் பிளீச் கடுமையாக இருக்கும், சீக்கிரம் ஆவியாகும், மூடியின் அடிப்பாகத்தையும் நீச்சல் உடையையும் வெளுத்துவிடும். ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்பது சிடிசியின் பரிந்துரை. வீட்டுத் தொட்டிக்கு 30 பிபிஎம் வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் வழக்கம், நானும் அப்படித்தான். பொதுத் தொட்டியாக இருந்தால் நான் சிடிசி பக்கம். வீட்டில் செய்ய வேண்டியது: முதல் வாரம் டைகுளோர் மட்டும், மொத்தம் 70 கிராம் தீரும்வரை. அதில் சயனூரிக் அமிலம் 30 ஆகிவிடும். அதோடு டைகுளோர் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பிளீச்சுக்கு மாறுங்கள். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்வரை திறக்க வேண்டாம்.

இறங்குவதற்கு முன் குளோரின் குறைந்தது 3 இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விதி, வெளியே வந்ததும் போட வேண்டியது. ஒரு ஆள் ஒரு மணி நேரம் சூடான தண்ணீரில் உட்கார்ந்தால் விடும் அழுக்குக்கு உங்கள் தொட்டியில் ஏழெட்டு மேசைக்கரண்டி பிளீச், ஏறக்குறைய அரை கப், தேவைப்படும். நான்கு பேர் அரை மணி என்றால் ஒரு கப். பலர் இறங்குமுன் நிறையப் போட்டுவிட்டு, வெளியே வந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்கள். ராத்திரி முழுக்கக் கிருமிக்குக் கொண்டாட்டம். நான் பிளீச் பாட்டிலையும் கப்பையும் கதவுக்குப் பக்கத்துப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். கடைசியாக வெளியே வருபவருக்கு அந்த வேலை.

குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, அதிகமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். நேர்மாறு. அந்த வாடை வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவாகிப்போன குளோரினுடையது. இன்னும் போட வேண்டும் என்று அர்த்தம். சரியாக இருக்கும் தண்ணீரில் வாடை அநேகமாக இருக்காது.

நுரை விஷயத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை. ஒரு தீபாவளிக்கு வீட்டில் விருந்தாளிகள். காலையில் எல்லோருக்கும் தலையில் நல்லெண்ணெய் வைத்தாயிற்று. குளிப்பதற்குள் பிள்ளைகள் நான்கு பேர், வெளியே பனி தூறுகிறது, நேரே டப்பில் குதித்துவிட்டார்கள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று மாமியார் ஜன்னல் வழியாகக் கேட்டார், அமோகமாக ஆனது. சாயங்காலம் தண்ணீர் மட்டத்தில் சுற்றிலும் விரல் அகல மஞ்சள் கோடு, ஃபில்டர் மடிப்பெல்லாம் வடை சுட்ட காகிதம் மாதிரி எண்ணெய் இறங்கியிருந்தது, தொட்டி முழுக்க எள் வாசனை. தொட்டி இரண்டு கப் பிளீச்சைக் குடித்தும் மறுநாள் காலையில் குளோரின் அரை பிபிஎம்தான். கடைசியில் வடிக்க வேண்டியதாயிற்று. எண்ணெய், கிரீம், சன்ஸ்க்ரீன், ஹேர் கண்டிஷனர் எதுவும் இல்லாமல் ஒரு ஷவர் எடுத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். நீச்சல் உடையை டிடர்ஜெண்ட் போட்டுத் துவைக்காமல் வெறும் தண்ணீரில் அலசினால் போதும். உங்கள் நுரையில் பாதி அந்த டிடர்ஜெண்ட்டாகத்தான் இருக்கும். நுரை அடக்கும் மருந்து கடையில் உண்டு, அது நுரையை மறைக்கும், காரணம் உள்ளேயே கிடக்கும்.

புது ஃபில்டரை வாரம் ஒருமுறை ஹோஸால் மடிப்பு மடிப்பாக அலசுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய்ப் பசை எடுக்கும் கரைசலில் ராத்திரி ஊறவையுங்கள். மூடியையும் தூக்கிப் பாருங்கள். ஒரு ஆளால் தூக்க முடியாத கனம் இருந்தால் உள்ளே ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டது, பூஞ்சை அங்கிருந்தும் வரும். அதற்கு வைத்தியம் கிடையாது, புதுசு வாங்க வேண்டியதுதான்.

ஓசோன், யூவி, வெள்ளி மினரல் குச்சி என்று விற்பவையெல்லாம் உதவிக்கு இருக்கட்டும், குளோரினுக்குப் பதிலாக ஆகாது. முன்னவர் குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் என்ற கிருமிநாசினியைப் போட்டிருந்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புரோமைடு மிச்சமிருக்கும் தண்ணீரில் நீங்கள் போடும் குளோரின் புரோமினாக மாறிவிடும், வடித்து நிரப்பினால்தான் போகும். புரோமினிலேயே இருக்க ஆசை என்றால் இருக்கலாம், 4 முதல் 8 பிபிஎம் வரை வைக்க வேண்டும். என் ருசிக்கு அந்த வாடை ஆகாது.

எல்லாம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்? யாரும் இறங்காத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, மாலை குளோரினை 8-க்கு ஏற்றி எழுதிவையுங்கள். மூடிவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் எண்ணிப் பாருங்கள். 6 இருந்தால் குழாய் சுத்தம். ஓசோன் கருவி ஓடினால் 4 வரை இறங்குவது சகஜம். 2, 1 என்றால் உள்ளே இன்னும் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பர்ஜ் மருந்தை மறுபடி எடுங்கள். நீங்கள் சொன்ன 5-இலிருந்து பூஜ்யம், அதுவும் ஒரே ராத்திரியில், எனவேதான் முதல் வரியிலேயே கெமிக்கல் வேண்டாம் என்றேன். இந்தச் சோதனை இரண்டு நாள் தொடர்ந்து தேறியபிறகு பையனை இறக்குங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அதற்குத் தொட்டியே வேண்டாம். கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் தண்ணீருக்கு ஆயுள் உண்டு. காலனை மூன்றால் வகுத்து, அதை ஒரு நாளைக்குச் சராசரியாக இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாலு பேர் என்றால் தினம் 1.7 பேர், ஏறக்குறைய இரண்டு மாதம். வடிக்கும் முன் இரண்டு நாள் பிளீச் போடாமல் மூடியைத் திறந்துவைத்துக் குளோரின் பூஜ்யமானதும் புல்வெளிக்கு விடுங்கள். தெருவோரச் சாக்கடை வாயில் விடாதீர்கள், அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேரே ஓடைக்குப் போகும்.

மிச்சிகன் குளிரில் நாள் பார்த்து வடிக்க வேண்டும். ஜனவரியில் வடித்தால் நிரப்பி முடிப்பதற்குள் குழாயில் பனி பிடித்து வெடிக்கலாம். நான் நவம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை மாற்றிவிட்டு, குளிர்காலத்தில் ஆட்களைக் குறைத்து, மார்ச்சில் வெயில் எட்டிப் பார்த்ததும் அடுத்ததை வைத்துக்கொள்கிறேன். அந்த நவம்பர் மாற்றத்தை இப்போதெல்லாம் தீபாவளிக்கு மறுநாள் வைத்துவிடுகிறேன். அன்றைக்கு எப்படியும் வடிக்கத்தான் போகிறோம்.